வெள்ளரிப்பேட்டைக் கடியாரத்துக்கு இரண்டு கரண்டு

வெள்ளரிப்பேட்டைக்காரர்களை யாராவது முட்டாள்கள் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். அந்த ஊர்ச் சோற்றை நான் நிறையத் தின்றிருக்கிறேன். ஒரே நாளில் மூன்று தடவை மத்தியானச் சாப்பாடு போடுகிற ஊர் திருநெல்வேலிச் சீமையில் வேறு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். ஆகவே இதைப் படிக்கிறவர்கள் அவர்களை நினைத்துச் சிரித்துக்கொள்ளலாம், ஏசக் கூடாது.

மூன்று சாப்பாட்டுக்கும் காரணம் அந்த ஊர்க் கடியாரம். பேரூராட்சி ஆபீஸின் நெற்றியில், சிவப்பு எழுத்தில் மணி காட்டுகிற பெரிய கடியாரம் ஒன்று உண்டு. அதற்குள் போவது ஒரே ஒரு நீலக் கம்பி. இன்டர்நெட்டுக்குப் போடுகிற கம்பிதான். அந்த ஒரே கம்பியில் சரியான நேரமும் வரும், கடியாரம் எரிவதற்கான கரண்டும் வரும். ஆபீஸ் அறையில் இருக்கிற ஒரு பெட்டி இரண்டையும் சேர்த்து மேலே அனுப்பிவிடும். ஊரில் கரண்டு போனால் பெட்டி அணையும், கூடவே கடியாரமும் அணையும். கரண்டு திரும்பி வந்ததும் கடியாரம் தூங்கி எழுந்தவன் போல ஒன்றும் விளங்காமல் பன்னிரண்டு என்று காட்டும். சரியான நேரம் எங்கிருந்தோ வந்து சேர அரை மணி பிடிக்கும்.

வேறு ஊராக இருந்தால் அந்த அரை மணியைப் பொறுத்துக்கொள்வார்கள். வெள்ளரிப்பேட்டையில் கடியாரம் பன்னிரண்டு காட்டினால் பன்னிரண்டுதான். கடைகளைச் சாத்துவார்கள், பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கும், வீட்டுக்கு வீடு இலை விழும். சாப்பிட்டு ஏப்பம் விட்டு வெளியே வந்து பார்த்தால் கடியாரம் எட்டே முக்கால் காட்டும். சரியென்று காலை வேலையை ஆரம்பிப்பார்கள். கையில் கடிகாரம் கட்டியவர்கள் அதைத் திருகி ஊர்க் கடியாரத்தோடு ஒட்ட வைத்துக்கொள்வார்கள். செல்போன் காட்டுகிற நேரத்தை மட்டும் அவர்கள் நம்புவதில்லை. அது டவர் நிற்கிற ஊரின் நேரமாம்.

இதில் உண்மையாகவே அடிபட்டவள் ஆவுடை. கடியாரக் கமிட்டித் தலைவர் பலவேசத்தின் மகள். அவளுக்குப் பக்கத்து ஊர் வேலாயுதத்தைப் பேசி முடித்திருந்தார்கள். இருவருக்கும் ஒருவரையொருவர் பிடித்தும் இருந்தது. ஆனால் இரண்டு தடவை மணவறையில் உட்கார்ந்தும் அவள் கழுத்தில் தாலி ஏறவில்லை. இரண்டு தடவையும் முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. இரண்டு தடவையும் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்த நேரம் பார்த்துக் கரண்டு போய் வந்தது, கடியாரம் பன்னிரண்டு காட்டியது. முகூர்த்தம் தாண்டிவிட்டது என்று புரோகிதர் எழுந்தார். எழுந்தவர் நேரே பந்திக்குப் போனார். அவருக்குப் பின்னால் ஊரே போயிற்று. மாலையும் கழுத்துமாக அந்தப் பிள்ளை தனியே உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் ஆறுமுகநயினார் கறாரான மனிதர். கையில் தங்க நிறப் பட்டை போட்ட கடிகாரம் கட்டியிருப்பார். அது ஒரு நிமிஷம் முந்தாது, ஒரு நிமிஷம் பிந்தாது. மூன்றாவது தடவையும் இப்படி ஆனால் வேறு ஊரில் பெண் பார்த்துக்கொள்கிறோம் என்று அவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாப்பிள்ளை ஊரிலேயே கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாமே என்று ஆவுடை அப்பாவிடம் கெஞ்சினாள்.

"அந்த ஊர்ல கடியாரமே கெடையாதாம்ளா. எந்த மணியப் பாத்துத் தாலி கெட்டுதது?" என்றார் பலவேசம்.

அதற்கு மேல் அவரிடம் பேசிப் பயனில்லை என்று கண்டு, ஆவுடையே கடியாரத்தைச் செய்து கொடுத்த எஞ்சினியருக்குப் போன் போட்டாள். அவள் பெயர் ஜெசிந்தா, தூத்துக்குடிக்காரி. வந்து பார்த்தாள். ஆபீஸ் அறையில் ஒரு பேட்டரியை வைத்து, அதிலிருந்து ஒரு அடாப்டரை எடுத்து, கடியாரத்தின் பின்னால் இரண்டாவது துளை ஒன்று போட்டுச் செருகினாள். கடியாரத்தின் வயிற்றைத் திறந்து மின்சுற்று அட்டையில் ஈயம் வைத்து ஏதோ பற்றவைத்தாள். பிறகு கமிட்டியைக் கூப்பிட்டு உட்காரவைத்து விளக்கினாள். கமிட்டி என்றால் மூன்று பேர். தலைவர் பலவேசம், அங்கத்தினர்கள் கொம்பையா, சப்பாணிமுத்து.

"இனிமே கடியாரத்துக்கு ரெண்டு வழியா கரண்டு அண்ணாச்சி. நீலக் கம்பி ஒண்ணு, அடாப்டர் ஒண்ணு. ரெண்டு வழியிலயும் ஒருவழிக் கதவு மாதிரி ஒண்ணு வச்சிருக்கேன். கரண்டு உள்ள போவும், திரும்பி வராது. அதனால ஒண்ணோட கரண்டு இன்னொண்ணுக்குள்ள பாயாது. ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்துக்கிடவே கூடாது. கம்பி வேலை செய்யுத வரைக்கும் அடாப்டர் சும்மா நிக்கும். கம்பி போச்சுன்னா, அந்த நொடியே அது சுமந்துக்கிடும்."

மூவரும் தலையாட்டினார்கள். அவர்கள் தலையாட்டினதைப் பார்த்து நம்பிக்கையோடு அவள் பஸ் ஏறினாள். படித்த பெண்தான், ஆனால் வெள்ளரிப்பேட்டைக்குப் புதுசு.

பஸ் தெரு முனை திரும்புவதற்குள் கொம்பையாவுக்குக் கவலை வந்துவிட்டது.

"பாத்துக்கிடவே கூடாதுன்னுட்டுப் போறா. ரெண்டும் ஒரே சுவத்துல தோளோட தோள் இடிச்சிக்கிட்டுல்லா தொங்குது."

கம்பிக்கும் அடாப்டருக்கும் நடுவில் உடனே ஒரு பச்சை வேட்டியைத் திரையாகக் கட்டினார்கள். கட்டி முடித்ததும் சப்பாணிமுத்து ஒரு சந்தேகம் கேட்டார். திரைக்குப் பின்னால் இருந்துகொண்டு இரண்டும் பேசிக்கொண்டால் என்ன செய்வது? கமிட்டி கூடி யோசித்தது. பேசிக்கொள்வதைப் பற்றி எஞ்சினியரம்மா ஒன்றும் சொல்லவில்லை, பார்ப்பதுதான் தப்பு என்று பலவேசம் தீர்ப்புச் சொன்னார்.

"இப்பிடித் திரை போட்டுப் பிரிச்சி வச்சிருந்தா, இது நிச்சயமான கல்யாணம்லா அண்ணாச்சி" என்றார் கொம்பையா. "இதுல மாப்ள யாரு?"

நீலக் கம்பி எங்கோ வெளியூரிலிருந்து வருகிறது, அடாப்டர் ஊர்ப் பேட்டரியில் பிறந்தது. ஆகவே கம்பி மாப்பிள்ளை, அடாப்டர் பெண் என்று முடிவாயிற்று. அன்றிலிருந்து ஊர்ப் பெண்கள் அந்தப் பக்கம் போகும்போது அடாப்டர் இருக்கிற பக்கமாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த தகராறு, சும்மா நிற்பது பற்றியது. அடாப்டர் நிற்க வேண்டும் என்று சொல்லியிருந்ததால் அதை ஒரு ஸ்டூல் மேல் நட்டுக்குத்தலாக நிறுத்தி, விழாமல் இரண்டு பக்கமும் செங்கல் வைத்தார்கள். சும்மா என்பதுதான் சப்பாணிமுத்துவுக்குப் பிடிக்கவில்லை. வேலை செய்யாத ஒன்றுக்கு எதற்கு வேளை தவறாமல் கரண்டு என்று பேட்டரியிலிருந்து அதைப் பிடுங்கிவிட்டார். மறுநாள் ஜெசிந்தா போனில் விசாரித்தபோது, வேலை வரும்போது கூப்பிட்டுக் கொடுத்துக்கொள்கிறோம் என்று பெருமையாகச் சொன்னார். பிறகு அவள் பொறுமையாக, பேட்டரியில் எப்போதும் செருகியே இருக்க வேண்டும் என்றாள். மறுபடி செருகினார்கள். மனசில்லாமல்தான் செருகினார்கள்.

ஒருவழிக் கதவு அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கடியாரத்துக்கு இருக்கிற வசதி ஆபீஸுக்கு இல்லையே என்று, ஆபீஸின் இரண்டு கதவுகளையும் உள்ளே மட்டும் போகிற மாதிரி மாற்றினார்கள். பலவேசம் முதல் ஆளாகப் போய்த் திறந்து வைத்தார். வீட்டுத் தீர்வை கட்ட வந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். சாயங்காலம் வரைக்கும் வெளியே ஒரு ஆள் வரவில்லை. கடைசியில் ஆவுடை வந்து ஜன்னல் கம்பியைக் கழற்றி எல்லோரையும் இறக்கினாள். உள்ளே இருந்த நேரத்தில் கொம்பையாவுக்கு ஒரு துக்கம் வேறு வந்துவிட்டது. உள்ளே போகிற கரண்டு திரும்பி வராது என்றால் அது என்ன ஆகும் என்று பலவேசத்திடம் கேட்டிருக்கிறார். எரிந்து போகும் என்று அவரும் மறைக்காமல் சொல்லிவிட்டார். கொம்பையா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. ஜன்னலில் இறங்கியதுமே மூன்று பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டிருந்தார் என்பது வேறு விஷயம்.

கல்யாணத்துக்கு முந்தின நாள், ஒரு தடவை சோதித்துப் பார்த்துவிடுங்கள் என்று ஜெசிந்தா சொல்லியிருந்தாள். கம்பியைப் பிடுங்கினார்கள், கடியாரம் எரிந்தது. கம்பியைச் செருகிவிட்டு அடாப்டரைப் பிடுங்கினார்கள், அப்போதும் எரிந்தது. ஆவுடை பெருமூச்சு விட்டாள். அவள் திரும்பி வீட்டுக்கு நடக்க ஆரம்பித்ததும், இரண்டையும் தனித்தனியாகத்தானே சோதித்தோம், சேர்த்துச் சோதிக்கவில்லையே என்று சப்பாணிமுத்து சொன்னார். சரியான கேள்வி என்று மற்ற இருவரும் ஒப்புக்கொண்டார்கள். இரண்டையும் சேர்த்துப் பிடுங்கினார்கள். ஊர் காலை ஏழரை மணிக்கு மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டது.

இரண்டையும் சேர்த்துப் பிடுங்கவே கூடாது என்று ஜெசிந்தா போனில் அழாத குறையாகச் சொன்னாள். சேர்த்துப் பிடுங்க மாட்டோம் என்று மூவரும் ஆவுடை தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள்.

கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். இந்தத் தடவையும் முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரைதான். மண்டபம் ஆபீஸுக்கு நேர் எதிரே இருக்கிறது. மணவறையில் உட்கார்ந்தால் வாசல் வழியே கடியாரம் தெரியும். ஆறுமுகநயினார் முன்வரிசையில் உட்கார்ந்து, ஒரு கண்ணைக் கடியாரத்திலும் ஒரு கண்ணைக் கையிலும் வைத்திருந்தார். ஆவுடை தலையைக் குனியவே இல்லை. கல்யாணப் பெண் குனிந்த தலை நிமிரக் கூடாது என்று யாரோ பெரியம்மா அதட்டியும் அவள் கேட்கவில்லை. கடியாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி ஒன்பது இருபதுக்கு மின்விசிறிகள் நின்றன. மைக் செத்தது. பழக்க தோஷத்தில் பாதிப் பேர் பந்திக்கு எழுந்துவிட்டார்கள். புரோகிதரும் பாதி எழுந்து, வாசலைப் பார்த்து, அப்படியே அந்தரத்தில் நின்றார். கடியாரம் அணையவில்லை. ஒன்பது இருபத்தொன்று என்று காட்டியது. எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருபத்திரண்டு என்று காட்டியது. புரோகிதர் திரும்பவும் உட்கார்ந்தார். ஆவுடை முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது.

அந்தச் சிரிப்பு ரொம்ப நேரம் இருக்கவில்லை. வெள்ளரிப்பேட்டையில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் நல்லபடியாக நடக்க யார் தோள் கொடுத்தாரோ, அவருக்குத் தாலிக்கு முன்னால் தலையில் பட்டுத் துணியைப் பரிவட்டமாகக் கட்ட வேண்டும். பலவேசம் பட்டுத் துணியை எடுத்துக்கொண்டு, அடாப்டருக்குக் கட்டிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். கொம்பையா மறித்தார்.

"அடாப்டர்தான் சுமந்துதுன்னு எப்பிடிச் சொல்லுதீய? கம்பி இத்தன வருசமா சுமக்குது. நேத்து வந்ததுக்குப் பரிவட்டம் கெட்டுனா அது மனசு என்ன பாடுபடும்?"

"கரண்டு போயும் எரியுதுல்லா வே."

"எரியுது. யாரால எரியுதுன்னு வெளிய தெரியலயே. முன்னயும் அதே வெளிச்சம், இப்பயும் அதே வெளிச்சம்."

அதுவும் நியாயம்தான் என்று பந்திக்கு எழுந்தவர்கள் சொன்னார்கள். பிடுங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று சப்பாணிமுத்து வழி சொன்னார். சேர்த்துப் பிடுங்க மாட்டோம் என்று சத்தியம் செய்திருப்பதைப் பலவேசம் நினைவூட்டினார். சேர்த்து வேண்டாம், முதலில் ஒன்று, அதைக் கீழே வைத்துவிட்டு அடுத்தது என்றார் சப்பாணிமுத்து. சத்தியத்துக்கும் பங்கமில்லை என்று மூவரும் வாசலுக்குத் திரும்பினார்கள். ஆறுமுகநயினார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். மூன்றாவது தடவையும் கல்யாணம் நின்றுபோயிற்று என்றே நான் நினைத்தேன்.

ஆவுடை சத்தம் போடவில்லை. அந்த ஊரில் பிறந்தவள் அல்லவா, எந்த வழியாக உள்ளே போக வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

"சித்தப்பா, தாராளமாப் புடுங்குங்க. புடுங்கிச் செருகுனா மணி என்ன ஆவும்?"

"பன்னெண்டு ஆவும் தாயி" என்றார் கொம்பையா.

"பன்னெண்டு ஆனா?"

"சாப்பாடு."

"சோறு வெந்துட்டா?"

மூவரும் நின்றுவிட்டார்கள். சமையல்கட்டுக்கு ஆள் ஓடியது. உலைத் தண்ணீர் இப்போதுதான் கொதிக்கிறது, அரிசியே இனிமேல்தான் போட வேண்டும் என்று சமையல்காரர் சொல்லி அனுப்பினார்.

"சம்மந்தக்காரங்க இலையில வேகாத அரிசியப் போடுவீயளா?" என்றாள் ஆவுடை.

அப்படி ஒரு அவமானத்தை வெள்ளரிப்பேட்டை அதுவரை கண்டதில்லை. சோறு வேகிற வரைக்கும் மணி பன்னிரண்டு ஆகக் கூடாது என்று கமிட்டி அங்கேயே ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. கொம்பையாவும் சப்பாணிமுத்துவும் ஆபீஸுக்குப் போய், ஆளுக்கொன்றாகக் கம்பியையும் அடாப்டரையும் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சமையல்கட்டுப் புகை மேல் வைத்து உட்கார்ந்தார்கள். பலவேசத்துக்குத் தாரை வார்க்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. பரிவட்டத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் தன் தலையிலேயே கட்டிக்கொண்டார். யாருக்கோ பரிவட்டம் கட்டியாயிற்று என்று புரோகிதர் மந்திரத்தை ஆரம்பித்தார்.

ஆறுமுகநயினார் கையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். இரண்டும் ஒன்பது ஐம்பது. "கெட்டுல மாப்ள" என்றார். வேலாயுதம் கட்டினான். மேளம் ஓங்கி அடித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் கரண்டும் வந்தது. மின்விசிறி சுற்றியது. சோறு வடித்தாயிற்று என்று சமையல்காரர் குரல் கொடுத்த மறு நொடி, எதிரே கடியாரம் அணைந்து, மறுபடி எரிந்து, பன்னிரண்டு என்று காட்டியது. இதுவரை நல்லபடியாக நடந்ததே பெரிசு என்று நானும் இலையில் போய் உட்கார்ந்தேன். ஆறுமுகநயினார் முதலில் வர மறுத்தார். மணி பத்துகூட ஆகவில்லை என்று கையை நீட்டி நீட்டிக் காட்டினார். அவியல் வாசம் வந்தது. பரிமாறுகிறவர்கள் உபசரித்த உபசரிப்பில் உட்கார்ந்தார். இரண்டு பாயசம் குடித்தார்.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தால், கடியாரத்துக்குச் சரியான நேரம் வந்து சேர்ந்துவிட்டது. மணி பத்து இருபத்திநாலு.

"அண்ணாச்சி, முகூர்த்தம் இன்னும் ஆறு நிமிசம் மிச்சம் கெடக்கு" என்றார் சப்பாணிமுத்து. "மணவறையும் சும்மா கெடக்கு. புரோகிதரும் இருக்காரு. வீணாப் போவணுமா?"

வீணாக்கக் கூடாது என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் கட்டிவைக்க ஜோடி வேண்டுமே. ஊரே யோசித்தது. கொம்பையா மெதுவாகச் சொன்னார்.

"நிச்சயமாயி, திரைக்குள்ள காத்துக்கிட்டு ஒரு ஜோடி இருக்குல்லா."

பச்சை வேட்டியை அவிழ்த்தார்கள். கம்பியையும் அடாப்டரையும் கடியாரத்திலிருந்து கழற்றி, தாம்பாளத்தில் வைத்து, மேளத்தோடு மணவறைக்குக் கொண்டுவந்தார்கள். கம்பி நீளமாக இருந்ததால் மாப்பிள்ளையின் பாதி இன்னும் தெருவிலேயே கிடந்தது. கடியாரம் இருண்டு போயிருந்தது. மணியே இல்லாதபோது முகூர்த்தம் எப்படி முடியும், நிதானமாகச் செய்யலாம் என்று புரோகிதர் சம்மணமிட்டு உட்கார்ந்தார். பிறகு அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. பெண்ணுக்கு மாலை எடுத்துப் போடத் தாய்மாமன் வேண்டுமே, அடாப்டருக்குத் தாய்மாமன் யார்?

பேட்டரிக்கு உடன்பிறப்பு யாரும் கிடையாது. அநாதைப் பெண் என்று இரண்டு பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். அப்போது முன்வரிசையிலிருந்து ஆறுமுகநயினார் எழுந்தார். ஏப்பத்தை அடக்கிக்கொண்டு, துண்டை இடுப்பில் கட்டினார்.

"நான் நிக்கேன்" என்றார்.

அவர் மாலை எடுத்துப் போட்டார். மஞ்சள் கயிற்றால் கம்பியையும் அடாப்டரையும் சேர்த்து மூன்று முடிச்சுப் போட்டார்கள். எல்லோரும் அட்சதை தூவினார்கள், நானும் தூவினேன். பிறகு மணமக்களைப் புகுந்த வீட்டுக்கு அழைத்துப்போய்க் கடியாரத்தில் செருகினார்கள். கடியாரம் எரிந்து, பன்னிரண்டு என்று காட்டியது.

வெளியே பஸ் வந்து நின்றது. ஆவுடை புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துவிட்டாள். மாமாவைக் காணோமே என்று வேலாயுதம் இறங்கி வந்து தேடினான். ஆறுமுகநயினார் பந்தியில் முதல் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, தங்கப் பட்டைக் கடிகாரத்தைக் கழற்றித் திருகிக்கொண்டிருந்தார்.

"மாமா, பஸ்ஸு வந்துட்டு. எந்திரிங்க" என்றான் வேலாயுதம்.

"மணி பன்னெண்டு ஆயிட்டுல்லா மாப்ள" என்றார் அவர். "சாப்பிடாம எப்பிடி வாறது?"